முப்பத்தொரு பேரும் வீடு சேர்ந்தார்கள்

ஜூன் 4, செவ்வாய்

காபி மெஷின் மறுபடி ஒழுகுகிறது. அடியில் துணி போட்டு வைத்தேன். நாலாவது மாடி முழுக்கக் கூட்டித் துடைத்து முடிக்க ஏழரை ஆகிவிட்டது.

பத்து மணிக்கு மேடம் ஒலிவா எல்லோரையும் கூப்பிட்டார். போன வருட வெள்ளத்தில் அலுவலகம் ஒன்பது நாள் பூட்டிக் கிடந்ததே, அந்தப் பேச்சு. எங்களுடையது வீட்டுக் காப்பீட்டு அலுவலகம். புயலில் கூரை பறந்தவர்கள், கூடத்துக்குள் ஆறு வந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒன்பது நாளும் இங்கே தொலைபேசி ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த வருடம் அப்படி ஆகக் கூடாது என்றார் மேடம். புயலோ நிலநடுக்கமோ, எது வந்தாலும் மறுநாள் காலையில் அவரவர் வீட்டிலிருந்தே வேலை நடக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு முழுவதையும் ஒருவர் பொறுப்பில் விடுகிறேன் என்றார். விட்டது லிவாயிடம்.

என் பேத்தி. இருபத்து நாலு வயது. அவள் அம்மா ஹாங்காங்கில் யார் வீட்டிலோ சமைக்கப் போனபோது இவளுக்குப் பால்பல் விழவில்லை. நான் கோப்பை கழுவுகிற அலுவலகத்திலேயே என் பேத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் வேலை சொல்லப்போகிறாள். கண் நிறைந்துவிட்டது. பாத்திரம் கழுவும் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோப்பு அறை மாங் செலோ பார்த்துவிட்டார்.

"ஆலிங் லுமெங், நீங்களும் ஒழுக ஆரம்பிச்சிட்டீங்க. அடியில ஒரு துணி போட்டுக்குங்க."

ஆலிங், மாங் என்று அக்கா அண்ணன் மரியாதை போட்டுத்தான் பேசிக்கொள்வோம்; அறுபது வயதானாலும் அந்த வாய் மட்டும் அடங்காது.

ஜூன் 7, வெள்ளி

லிவாய் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தாள். உங்கள் வீடு எங்கே, வெள்ளம் வருமா, மின்சாரம் போனால் எத்தனை மணி நேரத்தில் வரும், இணையம் உண்டா, மேஜை உண்டா, சத்தம் இல்லாத மூலை உண்டா. எனக்கும் ஒன்று கொடுத்தாள். ஆபீஸிலும் அவளுக்கு நான் லோலாதான், பாட்டிதான். "லோலா, நீங்களும் ஆபீஸ்தான். முப்பத்தொண்ணாவது ஆள்," என்றாள். என் வேலை: அவசரம் வந்தால் எல்லோரையும் போனில் கூப்பிட்டு வீடு சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டு, பட்டியலில் டிக் போடுவது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொருவர் குரலும் எனக்குத் தெரியும் என்பதால் நான்தான் சரியான ஆளாம்.

பட்டியலை அட்டையில் ஒட்டிக் கொடுத்தாள். என் கைக்கு வசதியாகப் பெரிய எழுத்து.

ஜூன் 13, வியாழன்

படிவம் எல்லாம் வந்துவிட்டது. எல்லோர் வீட்டிலும் மேஜை இருக்கிறது, எல்லோர் வீடும் அமைதி, யார் வீட்டுக்கும் தண்ணீர் வராது. லிவாய்க்குச் சந்தோஷம். எனக்குச் சிரிப்பு.

இல்லை என்று எழுத எங்கள் ஆட்களுக்குக் கை வராது. சாப்பாட்டு மேஜையில் படிவங்களைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரோவேனா வீட்டு மேஜை என்பது துணி தேய்க்கும் பலகை. ஜெப்ரியின் அமைதியான மூலைக்குப் பின்னால் சேவல் வளர்க்கிறார்கள், பதினாலு சேவல். கணக்குப் பிரிவு தெசாவின் வீட்டுக்குப் போன வருடம் இடுப்பளவு தண்ணீர் வந்தது, சுவரில் கோடு இன்னும் இருக்கிறது, நானே பார்த்தேன்.

லிவாய் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே வந்தாள். "இதையெல்லாம் ஏன் லோலா எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறாங்க?" என்றாள். உன்னிடம் சொன்னால் அது காகிதத்தில் ஏறும், என்னிடம் சொன்னால் காபியோடு போய்விடும் என்றேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். இருக்கட்டுமே.

பதினேழாவது: மாங் செலோ. மேட்டுத் தெரு, பச்சை கேட்டு வைத்த மாடி வீடு. வெள்ளம் வராது, மேஜை உண்டு, அமைதி உண்டு.

"இது சரிதானே?" என்றாள்.

சரி என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை.

மாங் செலோவுக்கு வீடு இல்லை. ஓடைக்கரையில் இருந்த வீட்டை இரண்டு வருடத்துக்கு முன் அரசாங்கம் இடித்து, அந்தக் கரை ஆட்களையெல்லாம் நாலு மணி நேரம் தள்ளி ஓர் ஊரில் குடியேற்றியது. அங்கிருந்து எப்படி தினமும் வேலைக்கு வருவது. கொடுத்த வீட்டை மகளிடம் விட்டுவிட்டு இவர் கோப்பு அறையில் படுக்கிறார். ஒருநாள் ஐந்தரை மணிக்கு நான் வந்தபோது அலமாரிக்குப் பின்னால் ஈரத் துண்டு காய்ந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு காபி போட்டேன். பாந்தெசால் ரொட்டி வாங்கும்போது நாலு சேர்த்து வாங்கினேன். பிறகு ஒருநாள் அவரே சொன்னார். வாசல் காவலாளிக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பச்சை கேட்டு வீடு அவர் மகளின் ஞானத்தந்தையுடையது. அவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. மாங் செலோவுக்கு வரும் கடிதங்கள் அந்த வீட்டுத் தபால் பெட்டியில் விழும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் படுத்தால் வேலை போய்விடும். போன வருடம் காவலாளி ஒருவனை அதற்காகவே அன்றே அனுப்பினார்கள். மாங் செலோவுக்கு ஓய்வு பெற இன்னும் பதினைந்து மாதம்.

லிவாயிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மேடத்திடம் சொல்லியாக வேண்டும், பொறுப்பு அவளுடையது. சொல்லாமல் வைத்தால் அவளும் பொய்க்காரி ஆவாள். இரண்டும் வேண்டாம் என்றுதான்.

அது மட்டும்தானா? திங்கட்கிழமை மேடத்திடம் அவள் பட்டியலைக் காட்டுகிறாள். முப்பத்தொரு பேருக்கும் வழி செய்தாயிற்று என்று சொல்லப்போகிறாள். அந்த எண்ணிக்கை குறையக் கூடாது என்று எனக்கு இருந்தது.

ஜூலை 3, புதன்

இன்று ஒத்திகை. நேற்று மாலையே எல்லோரும் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இன்று காலை யாரும் வரக் கூடாது. நான் மட்டும் வழக்கம்போல வந்தேன், காலியாக இருக்கும்போது கம்பளத்தை அலசலாம் என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டு.

எட்டு மணிக்கு அட்டையை எடுத்து வைத்துக் கூப்பிட ஆரம்பித்தேன். ஜெப்ரி பேசும்போது சேவல்கள் எல்லாம் பதில் சொல்லின. பதினேழாவது எண்ணைப் போட்டேன். கோப்பு அறைக்குள் மணி அடித்தது.

"வணக்கம், மாங் செலோ. வீட்டிலயா இருக்கீங்க?"

"வீட்டிலதான். அமைதியான வீடு. பக்கத்துல ஒரு பொம்பளை கம்பளம் அலசற சத்தம்தான் தாங்கல."

போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் கணவர் போன பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

எட்டு இருபதுக்கு முப்பத்தொன்றும் டிக்.

ஜூலை 4, வியாழன்

மேடம் எல்லோர் முன்னாலும் லிவாயை நிறுத்திக் கை தட்டினார். மற்றக் கிளைகளும் இந்தப் பட்டியலைப் பார்த்துச் செய்ய வேண்டுமாம். லிவாய் என்னைக் கை காட்டி, சரிபார்த்தது லோலாதான் என்றாள். எனக்கும் கை தட்டினார்கள்.

ஹாங்காங்குக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினேன்.

ஜூலை 24, புதன்

வந்துவிட்டது. காலையில் மஞ்சள் எச்சரிக்கை, பதினோரு மணிக்கு ஆரஞ்சு, நண்பகலில் சிவப்பு. மேடம் கிளம்புங்கள் என்றார். மழை கண்ணை மறைத்தது. கணினி நனையக் கூடாது என்று அலுவலக வண்டியிலேயே எல்லோரையும் வீட்டில் இறக்கும்படி ஏற்பாடு. இதுவும் லிவாயின் பட்டியலில் இருந்ததுதான். எனக்கு அது ஞாபகமே இல்லை. வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் உறைத்தது.

மாங் செலோ என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஓட்டுநர் மாங் பெர்த்தோ பட்டியலை வைத்துக்கொண்டு, "மேட்டுத் தெரு, பச்சை கேட்டு, ஏறுங்க அண்ணே," என்றார். கணினியைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். படியில் கால் வைத்துத் திரும்பி, "ஃப்ளாஸ்க்குல காபி இருக்குமே, வீணாப் போகும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். லிவாய் பக்கத்தில்தான் நின்றாள்.

எங்களை அடுத்த நடையில் இறக்கினார்கள். தெருவில் கணுக்கால் தண்ணீர். பாத்திரங்களை மாடிக்கு ஏற்றினோம். நாலு மணிக்கு அட்டையை எடுத்தேன். ஆறுக்குள் முப்பது பேர். பதினேழாவது எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி. லிவாய் கணினி முன்னால் உட்கார்ந்து, "எத்தனை லோலா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மேடம் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறரைக்கு எடுத்தார். மூச்சு வாங்கியது.

"சேர்ந்துட்டேன், ஆலிங் லுமெங்."

எங்கே என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன், லிவாய் காதில் விழாமல்.

"வீட்டுலதான். டிக் போடுங்க. உங்க பேத்தி காத்திருப்பா."

அவர் சொல்லும்போதே ஒரு கதவு கிரீச்சிட்டது. பத்தொன்பது வருடமாக நான் எண்ணெய் விடுகிற கதவு. மேட்டிலிருந்து நடந்தே திரும்பிவிட்டார். பாலத்தடியில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் - நான் கணக்குப் போடவில்லை. நாலாவது மாடி, எந்த ஆறும் ஏறாது, அதைவிடப் பத்திரமான இடம் எது என்று சொல்லிக்கொண்டேன்.

டிக் போட்டேன். "முப்பத்தொண்ணும்," என்று கத்தினேன். லிவாய் எழுந்து வந்து என் தலையில் முத்தம் கொடுத்தாள்.

ஜூலை 25, வியாழன்

கீழே முழங்கால் வரை தண்ணீர். லிவாய் மாடியில் வேலை பார்க்கிறாள். அரிசிச் சோறு, கருவாடு. தொலைபேசிகள் எல்லாம் அந்தந்த வீட்டில் அடிக்கின்றன, அந்தந்த வீட்டில் எடுக்கிறார்கள். நடந்துவிட்டது. என் பேத்தி நடத்திவிட்டாள்.

ஜூலை 29, திங்கள்

அலுவலகம் திறந்தது. மூன்று நாளில் எல்லோரையும்விட அதிக அழைப்புகளுக்குப் பதில் சொன்னது யார் என்று மேடம் வாசித்தார். மாங் செலோ. நூற்று அறுபத்திரண்டு. இருட்டு அறையில், காவலாளியின் ஜெனரேட்டரில் பேட்டரி ஏற்றிக்கொண்டு. கணினியைத் துடைத்து, ஒயரை அழகாகச் சுருட்டிக் கட்டி, எல்லோருக்கும் முன்னால் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. தலையில் வைத்துக்கொண்டு வந்தாராம். தண்ணீர் எதுவரை என்று கேட்டேன். "கணினி வரைக்கும் வரல," என்றார். செருப்பு ஒன்று போய்விட்டது. குதிகாலில் துணி சுற்றியிருந்தது.

மதியம் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் மாத்திரை வந்தது. வெள்ளத்தில் கால் வைத்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு. லிவாய் பட்டியலைப் பார்த்துக் கொடுத்தாள். தண்ணீர் வந்த தெருக்காரர்கள் பதினாலு பேர். மேட்டுத் தெருவுக்கு இல்லை.

என் உள்ளங்கையில் இரண்டு மாத்திரை வைத்தாள். அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று மூடிக்கொண்டேன். அவள் விடவில்லை. "என் கண்ணு முன்னால முழுங்குங்க லோலா. நீங்க ஒளிச்சு வைக்கிற ஆளு." முழுங்கினேன்.

பிறகு அவரிடம் போய், நீங்கள் கேளுங்கள், காலில் வெட்டு இருக்கிறது என்றேன். மேட்டு வீட்டுக்காரன் எப்படிக் கேட்பது என்று சிரித்தார். மருந்துக் கடையில் கேட்டால் சீட்டு வேண்டும் என்பார்கள், சுகாதார நிலையத்துக்கு நாளைக்குப் போகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் போய்விட்டது. தினமும் கேட்டேன். அழைப்புகளின் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன என்பார். இன்று காபியை அப்படியே வைத்திருந்தார். நெற்றி கொதித்தது. கெண்டைக்கால் வலிக்கிறது என்றார், நடந்ததால் என்றார். இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

லிவாயிடம் சொல்கிறேன் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பகடி இல்லாத குரலில் அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"பதிமூணு மாசம், ஆலிங் லுமெங். பதிமூணு மாசம் மட்டும் என்னை இங்க விட்டுடுங்க."

ஆகஸ்ட் 3, சனி

அரை நாள். கஞ்சி வைத்து இரண்டு ஃப்ளாஸ்க்கில் ஊற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். கண் சிவந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டடம் பூட்டியிருக்கும், நான் வர முடியாது. தூங்கினால் சரியாகும் என்றார். காவலாளியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். எடுத்தார். கஞ்சி நல்லாயிருந்தது என்றார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஐந்து மணிக்கே போனேன். ஒரு ஃப்ளாஸ்க் கூடத் திறக்கவில்லை. கண் மஞ்சள். என்னைப் பார்த்து வேறு பெயர் சொன்னார், மனைவி பெயராக இருக்கும்.

லிவாயைக் கூப்பிட்டேன். கோப்பு அறைக்கு வா என்றேன். அங்கே ஏன் என்றாள். வா என்றேன்.

அவள் வந்து பார்த்தாள். மடக்குக் கட்டில், ஆணியில் சட்டை, கண்ணாடி, சோப்பு, அலமாரியில் சின்ன மாதா சொரூபம். எல்லாவற்றையும் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாங் பெர்த்தோ அவரை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. மெஷின் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்தில் நடந்த அன்றோ மறுநாளோ அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாங் செலோ காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டார்.

காபி இரண்டு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

மகள் வந்தாள். தாலியா. இடுப்பில் குழந்தை. சவப்பெட்டியை ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு ஆகிவிட்டது, மேடமே செய்து கொடுத்தார். கிளம்புமுன் என்னிடம் வந்தாள்.

"அப்பா உங்களைப் பத்திதான் பேசுவாரு. பச்சை கேட்டு வீட்டுல மாடி ரூம் கொடுத்திருக்காங்க, ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சிக்கிட்டு வரும்னு சொல்வாரு. ஒரு தடவை அந்த ரூமைப் பாத்துட்டுப் போகட்டுமா?"

மகளிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

நான் என்ன செய்வேன். நாலாவது மாடிக்கு அழைத்துப் போனேன். கதவு கிரீச்சிட்டது. ஜன்னல் இல்லாத அறை. அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். தலையணையை எடுத்து முகர்ந்தாள். "இங்க குளிருமா?" என்று கேட்டாள். போர்வை நான் கொடுத்திருந்தேன் என்றேன். தலையாட்டினாள். அந்தப் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

லிவாய் அட்டையை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பதினேழாவது பெயருக்கு எதிரே என் டிக். ஒத்திகைக்கு ஒன்று, புயலுக்கு ஒன்று.

"புயல் அன்னிக்கு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன். கதவுச் சத்தம் கேட்டது என்றேன்.

"மாத்திரை கொடுத்தப்பவும்?"

ஆமாம்.

அவள் அழவில்லை. "எனக்குச் சொல்லியிருந்தா நான் அவரை மாட்டிவிட்டிருப்பேன்னு நினைச்சீங்களா? இல்ல, என் எண்ணிக்கை நிறையணும்னா?"

என்ன சொல்வது? இரண்டும்தான். அவருடைய மானத்தைக் காப்பாற்றினேன் என்று இத்தனை நாள் நினைத்தேன். காப்பாற்றியது என்னுடையது. ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு எல்லோரும் கை தட்டினார்களே, அது. அந்தக் கை தட்டல். ஐயோ, ரெண்டே ரெண்டு மாத்திரை, என் கையிலதானே இருந்தது, கையை மூடிக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடியிருந்தா என்ன, அவ என்ன பண்ணியிருப்பா, என்ன பண்ணியிருப்பா -

அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். அவள் எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 14, புதன்

லிவாய் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்தால் சாப்பிடுகிறாள்.

ஆகஸ்ட் 17, சனி

மாங் செலோவுக்கு ஒன்பதாம் நாள் செபம். ஊருக்கு நாலு மணி நேரம். தனியாகப் போகக் கிளம்பினேன், பேருந்து நிறுத்தத்தில் லிவாய் வந்து நின்றாள். கறுப்புச் சட்டை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நாலு மணி நேரமும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது பள்ளம் இருந்தது, என் முழங்கையைப் பிடித்தாள்.

வீடு நல்ல வீடு. சுவருக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள். அவர் ஒரு மாதம்கூட அங்கே இருந்ததில்லை.

எல்லோர் முன்னாலும் தாலியாவிடம் சொன்னேன். எனக்குத் தெரியும், நான் மறைத்தேன், மாத்திரையை நான் முழுங்கினேன். தாலியா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மன்னித்தாளா இல்லையா, தெரியாது. குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

செப்டம்பர் 30, திங்கள்

லிவாய் புதுப் படிவம் செய்திருக்கிறாள். மேடத்திடம் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், என் பங்கையும். என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் இருந்த என் மாற்றுத் துணியை எடுத்து வைத்திருந்தேன். மேடம் கூப்பிட்டார். என்னைக் கேட்கவேயில்லை. தன்னிடம் சொல்ல ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று தன்னையே கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

படிவத்தில் 'உங்கள் முகவரி' இல்லை. 'இன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள்?' என்று இருக்கிறது. காகிதத்தில் எழுத வேண்டாம், ஒவ்வொருவராக வந்து லிவாயிடம் வாயால் சொன்னால் போதும். 'அலுவலகத்தில்' என்று சொன்னாலும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள் என்று மேடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு பேர் அப்படிச் சொன்னார்களாம். யார் என்று லிவாய் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கோப்பு அறையில் இரண்டு கட்டில் வந்திருக்கிறது. சுவரை உடைத்து ஜன்னல் வைக்கிறார்கள்.

மாத்திரை பட்டியல் பார்த்துக் கிடையாது. எல்லோருக்கும்.

அட்டையைத் திருப்பிக் கேட்பாள் என்று இருந்தேன். புது அட்டை கொடுத்தாள். அதே பெரிய எழுத்து. பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு.

மார்ச் 13, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊரையே மூடுகிறார்கள். புயல் இல்லை, நோய். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற அலுவலகங்களில் ஓட்டமும் கூச்சலுமாம். இங்கே பத்து மணிக்கு லிவாய் ஒரு தாளைச் சுவரில் ஒட்டினாள், பன்னிரண்டுக்குள் எல்லோரும் கணினியோடு கீழே நின்றார்கள்.

என்னையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். காபி மெஷினின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கட்டினேன், அவர் கட்டுவதுபோல. கோப்பு அறைக் கதவுக்குக் கடைசியாக எண்ணெய் விடப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து நின்றான். உட்காருப்பா, இது உன் ரூம் என்றேன். எண்ணெய் விடவில்லை. சத்தம் போட்டால் போடட்டும்.

வண்டியில் கடைசி ஆள் நான். லிவாய்க்கு இன்னும் வேலை இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அந்தத் தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறது: இறங்கியவர் உள்ளே போய், உள்ளேயிருந்து கதவைத் திறந்து கை காட்டும் வரை வண்டி நகரக் கூடாது. ஏன் என்று புது ஆட்கள் கேட்பதில்லை. பழைய ஆட்கள் அந்த நேரத்தில் பேசுவதில்லை.

எங்கள் வாசலில் இறங்கினேன். நீங்கள் போங்கள், எனக்கு வீடு தெரியாதா என்றேன். மாங் பெர்த்தோ எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அன்றைக்கு மாங் செலோவைப் பச்சை கேட்டு முன்னால் இறக்கியவர். 'அவர் கை காட்டினார், நானும் காட்டினேன்' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பத் திரும்பச் சொன்னவர்.

"போங்க, ஆலிங் லுமெங். நான் பாக்கணும்."

பூட்டைத் திறந்தேன். உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். இருட்டில் ஒரு நிமிடம் நின்றேன். அப்புறம் உள்ளேயிருந்து திறந்து, அவருக்குக் கை காட்டினேன்.